கன்று வீச்சு நோய்: மாட்டுக்கு ரத்தம் எடுத்தார்கள், மேய்ப்பருக்கு யார் எடுப்பது?

மூய்ரிவர் கணக்கர்:
தென்னாப்பிரிக்காவில் மூய்ரிவர் பக்கம் ஒரு பால் பண்ணையில் கணக்கு எழுதுகிறேன். சி சூடு என்றால் இங்கே மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், ரத்தப் பரிசோதனையில் கன்று வீச்சு நோய் (புருசெல்லா என்ற கிருமியால் வருவது) தெரிந்த மாட்டுக்குப் போடுகிற 'C' எழுத்துச் சூடு. தலைச்சன் கிடேரிகள் இரண்டு மூன்று ஏழாம் மாதத்தில் கன்று வீசின, அதாவது காலத்துக்கு முன்பே செத்த கன்றைப் போட்டன, அரசு கால்நடைத் துறையிலிருந்து வந்து மொத்த மந்தைக்கும் ரத்தம் எடுத்தார்கள், முடிவு வந்ததும் சூட்டுக்கோலோடு திரும்பி வந்தார்கள். அன்றைக்கு மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் மேய்ப்பர், சூலு இனத்து வயதான பாபா (பெரியவர்). செத்த கன்றுகளை வெறுங்கையால் இழுத்துப் போட்டவர் அவர்தான், நஞ்சுக்கொடி விழாத மாட்டுக்கு முழங்கை வரை கைவிட்டு எடுத்தவரும் அவர்தான். மயிர் கருகின நாற்றம் அடங்குவதற்குள் அதிகாரியிடம், "மாட்டுக்கெல்லாம் ரத்தம் எடுத்தீர்கள், எனக்கு எப்போது?" என்று கேட்டார். அந்த அதிகாரி நல்லவர்தான், ஆனால் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நாங்கள் மாட்டுக்கு மட்டும்தான்" என்றார். முதலாளி அடுத்த மாட்டைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஸ்டேங்கர் நர்ஸ்:
தம்பி, முதலில் அந்தப் பெரியவரைப் பக்கத்து கிளினிக்குக்கு அனுப்புங்கள். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் பத்தாது, "வீசின கன்றைத் தொட்டேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் யாரும் அந்தப் பரிசோதனையை எழுத மாட்டார்கள்.

எங்கள் வார்டுக்கு ஒரு அம்மா வந்தார், சாயங்காலம் ஆனால் காய்ச்சல், ராத்திரி வியர்வையில் போர்வை நனையும், இடுப்பு மூட்டு வலியில் உட்கார முடியாது. டிபி என்று எல்லோரும் தேடினோம், சளியில் ஒன்றும் இல்லை. வீட்டில் மாடு இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். பால் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது, கோயில் அபிஷேகத்துக்கு ஒரு பண்ணையிலிருந்து கறந்த பால் கேனில் வரும், மீந்ததைக் காய்ச்சாமல் தயிருக்கு உறை ஊற்றுவாராம். ரத்தத்தில் புருசெல்லா இருந்தது. டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம் கொடுத்தார்கள், நல்லபடியாகத் தேறிவிட்டார். ஆனால் "சாமிக்கு ஊற்றின பாலா எனக்கு இதைச் செய்தது?" என்று அவர் கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டேன். பால் புளித்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதீர்கள், தயிரானாலும் சூலு மக்களின் புளித்த பாலான ஆமாசியானாலும் காய்ச்சின பாலில் போடுங்கள்.

வெருலம் ராஜா:
கிருமி கிருமி என்றே பேசுகிறீர்கள், ஆற்றில் கலந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2021 ஜூலை கலவரத்தில் டர்பன் பக்கம் கார்னூபியாவில் விவசாய ரசாயனக் கிடங்கு எரிந்தது, தீயணைத்த தண்ணீரோடு மருந்தெல்லாம் ஒஹ்லாங்கா ஆற்றில் இறங்கி உம்ஹ்லாங்கா கழிமுகத்தில் மீன் செத்து மிதந்தது, கடற்கரையை மூடினார்கள். எங்கள் மச்சான் ஆடுகள் அந்தப் பக்கம்தான் மேயும். அடுத்த ஈற்றில் பாதி ஆடு குட்டி வீசின.

ஒருநாள் ஆய்வுக்காரர்கள் வந்தார்கள், முழங்கால் வரை பூட்ஸ், கையில் பழுப்புக் கண்ணாடிக் குப்பி, ஆற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு பெயர் ஒட்டினார்கள், கரைச்சேற்றைக் கரண்டியால் வழித்து எடுத்தார்கள். மச்சான் ஒரு சினையாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய் இதற்கும் ரத்தம் எடுங்கள் என்றான். எங்கள் திட்டத்தில் ஆடு இல்லை என்றாள் அவர்களில் ஒரு பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆடு குடித்த தண்ணீருக்குச் சோதனை, ஆட்டுக்கு இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிரிட்டோரியா ஆய்வு மாணவி:
ராஜா அண்ணா, உங்கள் கோபம் சரி, முடிவு சரியில்லை. ரசாயனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆடு குட்டி வீச புருசெல்லா போதும், கிளமிடியா போதும், கியூ காய்ச்சல் கிருமி போதும், தீவன மூட்டையில் பூனை கழித்தால் வருகிற டாக்ஸோபிளாஸ்மாவும் போதும். எரிந்த கிடங்குக்குப் பக்கத்தில் ஆறு இருக்கிறது என்பதாலேயே காரணம் அதுதான் என்று சொல்ல முடியாது.

என் அனுபவம் சின்னது. ஆய்வகத்தில் முதன்முதலாக ரோஸ் பெங்கால் சோதனை (ரத்தத்தில் புருசெல்லா நோயின் அடையாளம் பார்ப்பது) செய்த நாள், வெள்ளைத் தட்டில் மாட்டின் ரத்தநீர் ஒரு துளி, பக்கத்தில் இளஞ்சிவப்பு மருந்து ஒரு துளி, குச்சியால் கலந்து 4 நிமிடம் மெதுவாக ஆட்ட வேண்டும். நோயில்லாத மாட்டுத் துளி அப்படியே வழவழவென்று இருந்தது, இன்னொரு மாட்டின் துளி கண்ணெதிரே திரிந்த பால் மாதிரி மணல்மணலாகப் பிரிந்தது. எண் மட்டும்தான் எழுதியிருந்தது, எந்தப் பண்ணை, யார் கறக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

இனி அடுத்த முறை என்ன செய்வது என்று சொல்கிறேன். குட்டி வீசினால் நாயை விரட்டுங்கள், கையுறை இல்லாவிட்டால் தடித்த பிளாஸ்டிக் பை இரண்டைக் கையில் மாட்டுங்கள், கர்ப்பிணிகள் யாரும் கிட்டே வரக்கூடாது. குட்டியையும் நஞ்சுக்கொடியையும் சேர்த்து இரட்டைப் பையில் கட்டி ஐஸில் வையுங்கள், உறைய விடாதீர்கள், நஞ்சுக்கொடி இல்லாமல் குட்டியை மட்டும் கொண்டுபோனால் பாதி பதில்தான் கிடைக்கும். பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் அலர்ட்டன் மாகாண ஆய்வகம் இருக்கிறது, முதலில் அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லி அவர் வழியாக அனுப்புங்கள். மீந்ததை ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள். ரசாயனச் சந்தேகம் இருந்தால் அதையும் தாளில் எழுதிக் கொடுங்கள், ஈரல் துண்டு தனியாக எடுத்து வைப்பார்கள்.

கணக்கர் சார், உங்கள் கிடேரிக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் எஸ்19 என்கிற கன்று வீச்சுத் தடுப்பூசி போட்டார்களா என்று பாருங்கள், அந்த வயதில் இந்த நோய்க்குத் தடுப்பூசி இங்கே சட்டப்படி போட்டே ஆக வேண்டும். சினை மாட்டுக்கு அது ஆகாது, கன்று வீசிவிடும். பெரிய மாட்டுக்கு ஆர்பி51 என்கிற இன்னொரு தடுப்பூசி போடுகிற பண்ணையில் ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், அந்த ஊசியில் இருக்கிற உயிருள்ள கிருமி ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாது. இந்தக் கிருமி இனத்தை 1887இல் மால்டாவில் கண்டுபிடித்த டேவிட் புரூஸ்தான் பிறகு நம் சூலூலாந்து உபோம்போவுக்கு வந்து நகானா என்கிற மாட்டு நோய்க்குக் காரணம் ட்செட்சி ஈ கடத்துகிற ஒட்டுண்ணி என்று காட்டினார், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெருலம் ராஜா:
தங்கச்சி, அந்த நகானா ஈயை எப்படி ஒழித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 1940களில் சூலூலாந்துக் காட்டின் மேல் விமானத்தில் டிடிடி பூச்சிமருந்து தூவினார்கள். வடக்கே மலேரியாவுக்கு அதையே வீட்டுச் சுவரில் அடித்தார்கள், அந்த ஊர்த் தாய்மார் பாலில் டிடிடி இருப்பதை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஸ்டேங்கர் நர்ஸ்:
ராஜா, 1996இல் டிடிடியை நிறுத்தினார்கள், கொசு மற்ற மருந்துக்கு அசையவில்லை, 2000இல் நாடு முழுக்க 60,000 பேருக்கு மேல் மலேரியா. திரும்ப டிடிடி அடித்த பிறகுதான் இறங்கியது. தாய்ப்பாலில் இருப்பது எனக்கும் பயம்தான். ஆனால் குழந்தை மலேரியாவில் துவண்டு கிடக்கும்போது அந்த மருந்தை வேண்டாம் என்று எந்த அம்மாவிடமும் நான் சொல்ல மாட்டேன்.

புளூம்ஃபொன்டீன் செல்வம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2010 மழைக்குப் பிறகு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில், கொசு கால்நடைக்குப் பரப்புகிற ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வந்தபோது நான் ஒரு கம்பளிக் கிடங்கில் வேலை. வறண்ட குட்டையில் வருஷக்கணக்காகக் கிடந்த கொசு முட்டை தண்ணீர் கண்டதும் பொரிந்துவிட்டது. ஒரு பண்ணைக்கார அம்மா வாசலில் செம்மறியை அறுத்து ஈரலைக் காட்டினார், சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறி மஞ்சளாக, பொடிப்பொடியாக ரத்தப் புள்ளிகளோடு இருந்தது. வெளியே பட்டி முழுக்கச் செத்த குட்டி, சினையாக இருந்தது எல்லாம் ஒரே வாரத்தில் வீசிவிட்டது. அந்த அம்மா கையில் ஒரு கீறல், கையுறை இல்லை. அறுத்த ரத்தத்திலிருந்தும் மனிதருக்கு வரும் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். ஊர் மாறிவிட்டேன், அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்டுச் சொல்ல அங்கே எனக்கு ஆள் இல்லை.

சினை ஆட்டுக்கு இந்தக் காய்ச்சலுக்கான பழைய ஸ்மித்பர்ன் தடுப்பூசி போடாதீர்கள், அதுவே குட்டியைக் கெடுக்கும். மழைக்கு முன்னாலேயே போட வேண்டும், கொசு வந்த பிறகு ஓடிப் பிரயோஜனம் இல்லை.

வெருலம் ராஜா:
சரி தங்கச்சி, அடுத்தது வீசினால் நஞ்சுக்கொடியோடு ஐஸில் வைத்து அலர்ட்டனுக்கு நானே வண்டியில் கொண்டுபோகிறேன், மச்சானிடம் சொல்லிவிட்டேன். பதிலுக்கு நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஆற்றில் மொண்டு போன குப்பிகளின் முடிவு எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்டால் கொடுப்பார்கள் என்று உங்கள் ஆட்களிடம் விசாரித்து இங்கே எழுதுங்கள். ஆடு இன்னும் அங்கேதான் தண்ணீர் குடிக்கிறது.