இனிப்பு மாத்திரையை நிறுத்தினேன், வலி பாதியாச்சு. நம்புறீங்களா?

வெண்பூசணி:
ஃபைப்ரோமயால்ஜியா வந்து ஆறு வருஷம். உடம்பு முழுக்க அடிச்சுப் போட்ட மாதிரி வலி, ஆனா ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். வலிக்குக் கொடுத்த ப்ரீகபாலின் மருந்தை ஆரம்பிச்சப்புறம் எட்டு கிலோ ஏறிடுச்சு. அதனால சீனியை விட்டுட்டு தினமும் அஞ்சு காபிக்கும் இனிப்பு மாத்திரைதான். போன மாசம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தா, அஸ்பார்டேம்ங்கிற செயற்கை இனிப்பு. அன்னிக்கே நிறுத்தினேன். மூணாவது வாரம் கையைப் பின்னாடி கொண்டுபோய் நானே பின்னல் போட்டேன். ரெண்டு வருஷமா என் பொண்ணுதான் போட்டுவிட்டுட்டு இருந்தா. இந்த வலி இருக்கிறவங்க எல்லாரும் உடனே நிறுத்துங்க.

மருந்துச்சீட்டு:
அக்கா, பின்னல் விஷயம் படிக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா ‘எல்லாரும்’ என்ற வார்த்தைதான் இடிக்குது. ஸ்பெயினில் 72 பெண்களை வைத்துச் சோதித்து 2014ல் வெளியிட்டார்கள். 36 பேர் அஸ்பார்டேமையும் அஜினோமோட்டோவையும் விட்டார்கள், 36 பேர் வழக்கம்போல் இருந்தார்கள். வலியில் வித்தியாசம் தெரியவில்லை.

வெண்பூசணி:
2010ல ஃபிரான்ஸ் டாக்டர்கள் எழுதினதையும் சொல்லுங்க தம்பி. பத்து வருஷத்துக்கு மேல வலியோட இருந்த 50 வயசு அம்மா, வெளிநாட்டுக்குச் சுற்றுலா போனப்போ அஸ்பார்டேமை எடுத்துட்டுப் போக மறந்துட்டாங்க. வலி போயிடுச்சு. ஊருக்கு வந்து மறுபடி ஆரம்பிச்சதும் திரும்பி வந்துச்சு. உங்க 72 பேர் சராசரியில அந்த மாதிரி ஒருத்தி இருந்தா வெளிய தெரியவா போகுது?

மருந்துச்சீட்டு:
சராசரியில் ஒருத்தர் மறைந்துபோகலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரையில் மொத்தமே இரண்டு பேர். அதற்கு முன் 2001ல் வந்ததில் நான்கு பேர். சுற்றுலா போனால் வேலை இல்லை, அடுப்படி இல்லை, நல்ல தூக்கம். இவர்களில் யாருக்கு எதனால் குறைந்தது என்று எப்படிப் பிரிப்பது?

கருப்பட்டிக்காரன்:
உலக சுகாதார அமைப்பே புற்றுநோய்னு சொல்லியாச்சு, இன்னும் என்ன விவாதம்? கருப்பட்டி போடுங்க, எல்லா வலியும் பறந்துடும்.

மருந்துச்சீட்டு:
அண்ணே, 2023 ஜூலையில் சொன்னது ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்’ என்ற 2பி பிரிவு. ஆதாரம் குறைவாக இருப்பவற்றைப் போடும் இடம் அது. அதே நேரத்தில், ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற வரம்பை மாற்றவில்லை. 60 கிலோ ஆளுக்கு 2,400. ஒரு மாத்திரையில் சுமார் இருபதுதான், நூறு மாத்திரை தாண்டணும். கருப்பட்டியும் சர்க்கரைதான். சுகர் இருக்கிறவங்க நம்பிப் போட்டுடப் போறாங்க.

கீழ்வீட்டு அம்மணி:
நீங்க ரெண்டு பேரும் அஸ்பார்டேமையே பிடிச்சுத் தொங்குறீங்க. எனக்கும் இதே வலி, கூடவே குடல் எரிச்சல் நோய். ‘சர்க்கரை இல்லை’ன்னு போட்ட பிஸ்கட்டும் சூயிங்கமும் தின்னா வயிறு பானை மாதிரி ஆகி ராத்திரி முழுக்கப் புரளுவேன். லேபிளில் மால்டிடால், சார்பிடால்னு சர்க்கரைக்குப் பதிலா போடுற இனிப்புங்க இருந்துச்சு. அது குடலில் சரியா உறிஞ்சப்படாம தங்கி, நொதிச்சு, காத்தாகிடுமாம். நிறுத்தினதும் வயிறு அடங்கிச்சு. வலி அப்படியேதான் இருக்கு.

மருந்துச்சீட்டு:
இது நியாயமான பேச்சு. வெண்பூசணி அக்கா, ஒரு கேள்வி. மாத்திரையை நிறுத்தினப்போ காபியில் என்ன போட்டீங்க?

வெண்பூசணி:
ஒண்ணும் போடல. கசப்பா இருந்ததால காலையில ஒண்ணு, பதினொரு மணிக்கு ஒண்ணுன்னு ரெண்டோட நின்னுடுச்சு. சாயங்காலமும் ராத்திரி சீரியல் நேரத்துலயும் குடிக்கிறது போச்சு.

கீழ்வீட்டு அம்மணி:
அடடா! இதை முதல்லயே சொல்லக் கூடாதா!

மருந்துச்சீட்டு:
அங்கதான் அக்கா. 1975லேயே கனடாவின் டொரண்டோவில் மோல்டோஃப்ஸ்கி என்ற மருத்துவரின் குழு, நோயே இல்லாத ஆட்களின் ஆழ்ந்த உறக்கத்தைக் கலைத்துப் பார்த்தது. அவர்களுக்கும் உடம்புவலி வந்தது. ராத்திரி காபி நின்றதால் உங்க தூக்கம் ஆழமாகி இருக்கலாம்.

வெண்பூசணி:
தூக்கம் தேவலைதான், மறைக்கல. அதுக்காக மாத்திரைக்குப் பங்கே இல்லைன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மருந்துச்சீட்டு:
சரி, சோதிச்சுப் பார்ப்போமா? காபி ரெண்டே ரெண்டு, மாத்தக் கூடாது. அஸ்பார்டேம் ஒரு டப்பா, சுக்ரலோஸ்ங்கிற வேற செயற்கை இனிப்பு ஒரு டப்பா, லேபிளைக் கிழிச்சு வீட்டில் வேற யாராவது கொடுக்கட்டும். மூணு வாரம் ஒண்ணு, மூணு வாரம் இன்னொண்ணு. வலிக்குத் தினமும் பத்துக்கு மார்க் போட்டு எழுதி வைங்க. கொதிக்கிற காபியில் போடாதீங்க, சூட்டில் அஸ்பார்டேமின் இனிப்பு குறைஞ்சுடும், நீங்க கண்டுபிடிச்சுடுவீங்க. வலி ஏறினா உடனே நிறுத்திடுங்க. ப்ரீகபாலினை மட்டும் நீங்களா குறைக்காதீங்க.

வெண்பூசணி:
எங்க வீட்டுக்காரர் டப்பாவுல ‘அ’, ‘ஆ’ன்னு எழுதி ஒட்டிட்டார். நேத்து ‘ஆ’ ஆரம்பிச்சேன். எதுன்னு கேட்டா சிரிக்கிறார். நாக்குல லேசா ஒரு பின்கசப்பு நிக்குது, ஆனா சொல்ல மாட்டேன். முதல் நாள் மார்க் நாலு.