லட்ஸ் திருந்தும் வரை இரட்டைச் சுழற்சி கூடாதா?

வேலந்தாவளத்துத் தந்தை:
பத்து வயதாகும் என் மகள், முகூர்த்தம் இல்லாத நாள்களில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மண்டபத் தளத்தில் நாற்சக்கர ஸ்கேட்டில் தாவல் பயில்கிறாள். முன்னோக்கிச் சென்று எழும் ஆக்சல் தவிர, லட்ஸ், சால்கோ முதலிய மற்ற ஒற்றைச் சுழற்சித் தாவல்கள் ஐந்தும் அவளுக்கு வரும். ஆயினும் லட்ஸில் விளிம்பு, அதாவது எழும்போது கால் சாய வேண்டிய பக்கம், தவறுகிறது என்று சொல்லி, காற்றில் இருமுறை சுழலும் இரட்டை சால்கோவை அவளுடைய மாஸ்டர் தொடவே விடுவதில்லை. ஒன்றின் குறைக்காக இன்னொன்றை நிறுத்திவைப்பது முறையா?

பொள்ளாச்சிக்காரி:
முறையன்று. சால்கோ இடது காலின் உள்விளிம்பிலிருந்து எழுவது; அதில் ஸ்கேட்டின் முன்முனைக் கட்டையான டோ ஸ்டாப்புக்கு வேலையே இல்லை. கைகளை மார்போடு ஒடுக்கிச் சுழலும் பழக்கம் உடல் சிறிதாக இருக்கும்போதே எளிதில் படியும். தோளும் இடுப்பும் அகன்ற பிறகு அதே வேகத்துக்குக் கூடுதல் வலு வேண்டும். 1948 ஒலிம்பிக்கில் இரட்டை ஆக்சலைச் செய்துகாட்டிய அமெரிக்கப் பனி ஸ்கேட்டர் டிக் பட்டன், அதைப் பயிற்சியில் முதன்முறை சரியாக இறக்கியதே போட்டிக்குச் சற்று முன்புதான். துணிந்தவருக்கே அது வாய்த்தது.

சித்தூர் மாஸ்டர்:
பட்டனுக்கு அப்போது 18 வயது, அம்மா. பத்து வயதுக் குழந்தைக்கு அவரைச் சான்று காட்டலாகாது. லட்ஸில் இடது காலின் வெளிப்பக்கச் சக்கரங்கள்மேல் சாய்ந்து, நீண்ட வளைவாகப் பின்னோக்கி வந்து, வலது காலின் டோ ஸ்டாப்பை ஊன்றி, வந்த வளைவுக்கு எதிர்த்திசையில் சுழல வேண்டும். பொறுமையிழந்த குழந்தை, ஊன்றுவதற்கு முன்பே தோளைத் திருப்பிவிடுகிறது. உடனே பாரம் உள்விளிம்புக்கு மாற, லட்ஸாகத் தொடங்கியது பிளிப் என்னும் வேறு தாவலாக முடிகிறது. அந்த அவசரத் தோள் சால்கோவில் சும்மா இருக்குமா? சுற்றின் பெரும்பகுதியைத் தரையிலேயே தின்றுவிடும். பனித்தரை ஸ்கேட்டிங்கில், சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் விதிப்படி, விளிம்பு தெளிவாகத் தவறினால் லட்ஸின் அடிப்படை மதிப்பே குறைகிறது. சுழற்சி கால்பங்குச் சுற்றுக்கு மேல் குறைந்து இறங்கினாலும் அப்படித்தான்.

வேலந்தாவளத்துத் தந்தை:
பனி விதி எங்களை என்ன செய்யும், மாஸ்டர்? இங்கே பனியை நாங்கள் ஐஸ் பெட்டியில்தான் பார்க்கிறோம்.

சித்தூர் மாஸ்டர்:
விதி வேறாகலாம், முழங்கால் ஒன்றுதான். ஒற்றைக் காலில், வெளிவிளிம்பில், பின்னோக்கி இறங்குவது இரண்டுக்கும் பொது. சுற்று முடியாமல் இறங்கினால் மீதித் திருகலை முழங்காலும் கணுக்காலும் வாங்கிக்கொள்கின்றன. மூத்தோர் (சீனியர்) பிரிவுப் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17 ஆக உயர்த்த அச்சங்கம் 2022இல் முடிவெடுத்தது, வளரும் உடலைக் கருதித்தான். பத்து வயதில் என்ன அவசரம்?

பொள்ளாச்சிக்காரி:
அவசரத் தோள் என்பது உங்கள் ஊகம், மாஸ்டர். அந்தக் குழந்தையை நீங்கள் பார்த்ததில்லை. அப்பா, மகளின் லட்ஸை மட்டுமன்றி ஒற்றை சால்கோவையும் பின்னாலிருந்து கைப்பேசியில் படமெடுத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சால்கோவில் தோள் முந்தவில்லை என்றால், இரட்டையைத் தடுக்க அவளுடைய மாஸ்டரிடம் வேறு காரணம் இருக்க வேண்டும். அதை அவரிடமே கேளுங்கள்.

சித்தூர் மாஸ்டர்:
படம் எடுக்கட்டும். ஆனால் களைத்த பிறகு எடுத்தது வேண்டும்; முதல் தாவலில் எல்லாக் குழந்தைக்கும் தோள் அடங்கித்தான் இருக்கும்.