மார்கரிட்டா சுவையில் கோஸே பீர்: லைம் தோலை எப்போது போடுவது?

வீட்டில் புளிப்பு பீர் காய்ச்சுபவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். அடுத்து 20 லிட்டர் கோஸே போடப்போகிறேன், ஜெர்மனியின் லைப்சிக் பக்கத்துக் கோதுமை பீர், அதை மார்கரிட்டா (டெக்கீலா என்ற மெக்சிகோ மது, லைம் சாறு, ஆரஞ்சு மதுபானம் கலந்து உப்போடு தரும் காக்டெயில்) சுவைக்குக் கொண்டுவர வேண்டும். உப்பும் புளிப்பும் அதில் ஏற்கெனவே இருப்பதால் இந்த காக்டெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பீர் கிடையாது என்றே நினைக்கிறேன்.

கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) பாதி, பில்ஸ்னர் எனும் வெளிர்நிற பார்லி மால்ட் பாதி. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறான வோர்ட்டை ஒரு கொதி விட்டு, 35 டிகிரிக்கு ஆறவைத்து, புளிக்கவைக்கும் பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் சேர்த்து, பி.எச். (புளிப்பின் அளவு; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.3 வரும்வரை மூடி வைப்பேன். அதுவரை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கிடையாது, போட்டால் பாக்டீரியா முடங்கிவிடும். அப்புறம் மறுபடி கொதிக்கவிட்டு, கடைசி 10 நிமிடத்தில் அயோடின் இல்லாத உப்பு 12 கிராம், இடித்த கொத்தமல்லி விதை 20 கிராம், ஆறியதும் நொதிக்கவைக்க ஏல் வகை பீர் ஈஸ்ட். இதுவரை சரி.

குழப்பமெல்லாம் லைமில்தான். வெள்ளைப் பகுதி படாமல் பச்சைத் தோலை மட்டும் சீவும்போது விரலெல்லாம் எண்ணெய் பிசுபிசுக்குமே, அந்த வாசனை அப்படியே கிளாஸில் வேண்டும். அடுப்பை அணைத்ததும் போட்டால், நொதிக்கும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடோடு பாதி வாசனை போய்விடும். தோலை டெக்கீலாவில் ஊறவைத்து, நொதித்து முடிந்த பிறகு ஊற்றலாமா? எத்தனை பழம், எத்தனை நாள்? அளவு மீறினால் பாத்திரம் கழுவும் சோப்பு வாடை வந்துவிடும் என்பதுதான் கவலை. ஆரஞ்சு மணத்துக்குக் காய்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோல் போதுமா, புதிய தோலே வேண்டுமா?

செய்து பார்த்தவர்கள் கிராம் கணக்கோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.