பெரும்பாக்கத்தில் சபை இளைஞர்கள் நடத்தும் சனிக்கிழமை வகுப்பு: நிறுத்தச் சொல்வது சரியா?

மூன்றாம்மாடி:
சென்னை பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இருக்கிறோம். கிறிஸ்தவச் சபை ஒன்றிலிருந்து ஏழெட்டு இளைஞர்கள் மூன்று வருடமாகச் சனிக்கிழமை மாலை வந்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறார்கள். முடியும்போது ஒரு பாட்டு, சின்ன ஜெபம், ஆளுக்கொரு வாழைப்பழம். இதை நிறுத்த வேண்டும் என்று எங்கள் பிளாக் கூட்டத்தில் சிலர் சத்தம் போட்டார்கள். நாங்கள் இந்துக்கள். என் மகன் போகிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழையவாத்தியார்:
பாடம் நடத்தட்டும், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஜெபத்துக்குப் பிறகு பழம் என்ற வரிசை யார் போட்டது? பழம் வேண்டுமென்றால் பிள்ளை கண்ணை மூடத்தான் செய்யும். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியிலேயே, பெற்றோர் சம்மதமில்லாமல் சிறுவர்களைச் சமய போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. படிக்கட்டு வகுப்புக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று தெரியும். நாகரிகம் பொருந்துமே அம்மா!

ஞாயிறுபள்ளிக்காரன்:
ஐயா, நான் இதேபோன்ற இன்னொரு மறுகுடியமர்வுக் குடியிருப்பான கண்ணகி நகரில் ஐந்து வருடமாகப் போய்வரும் தன்னார்வலன். முதல் நாள் ஒரு பையன் வந்தான், ஏழாம் வகுப்பு. கூவம் கரையில் இருந்த வீட்டை இடித்தபின் பாதிக் கல்வியாண்டில் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பழைய பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அதனால் நின்றுவிட்டான். 52ஐ 4ஆல் வகுக்கச் சொன்னேன். 52 கோடு போட்டு, நான்கு நான்காக வட்டம் போட்டு எண்ணினான். விடை சரி. ஆனால் அரைப் பக்கம் போய்விட்டது! அவனோடு வாய்ப்பாட்டில் தொடங்கினோம். இன்றைக்கு ஐடிஐ படிக்கிறான். எங்கள் சபைக்கு வருவதில்லை. வா என்று நாங்களும் கூப்பிடவில்லை.

ஞாயிறு பள்ளி என்றாலே ஆள்பிடிப்பு என்று நினைக்காதீர்கள். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் அதைத் தொடங்கியபோது, வாரமெல்லாம் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொள்ள ஞாயிறு ஒன்றுதான் கிடைத்தது.

பழையவாத்தியார்:
எழுத்தைக் கற்பித்தது பைபிள் படிப்பதற்காக. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி.

ஞாயிறுபள்ளிக்காரன்:
உண்மைதான். மறைக்கவில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவன் அதோடு நிற்பானா? அடுத்து எதை எடுத்துப் படிக்கிறான் என்பது எவர் கையிலும் இல்லையே.

கருப்புக்குடை:
இருவரும் பழத்தையும் பாட்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நகரத்தின் நடுவில் வேலையும் பள்ளியும் வைத்திருந்த குடும்பங்களைப் புறநகருக்கு அள்ளிக்கொண்டு வந்து அடுக்குமாடியில் அடைத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு பள்ளி, நேரத்துக்கு ஒரு பஸ். 'நம்பிக்கை தருகிறோம்' என்று வருகிறவர்கள் இதைப் பற்றி ஒரு மனு எழுதியதுண்டா?

இன்னொன்று. இங்கே பெரும்பாலோர் தலித் குடும்பங்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். பாட்டில் தொடங்குவது சான்றிதழில் முடிந்தால், இழப்பு அந்தப் பிள்ளைக்கு. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் தன்னார்வலருக்கு என்ன போயிற்று?

ஞாயிறுபள்ளிக்காரன்:
அந்த ஆணை அநியாயம் என்று தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். பழியை ஆணைமேல் போடாமல் பாட்டின்மேல் போடுகிறீர்கள். 18 வயதுக்கு முன் எவருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்பது எங்கள் குழுவின் விதி.

மனு விஷயத்தில் குற்றம் எங்கள்மேல்தான். எழுதியதில்லை.

மூன்றாம்மாடி:
எனக்கு உறுத்துவது வேறு. கிறிஸ்துமஸ் நேரத்தில் வேறொரு குழு வந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பென்சில் பெட்டி கொடுத்து, 'சிரி, சிரி' என்று படம் எடுத்தது. என் மகனின் முகம் நன்கொடை கேட்கும் சுவரொட்டியில் வந்தது. கீழே 'இருளில் வாழும் குழந்தைகள்' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு டியூப்லைட் எரிகிறது!

ஞாயிறுபள்ளிக்காரன்:
அக்கா, மன்னியுங்கள். எங்கள் சபையிலும் இதைத்தான் செய்தார்கள். சண்டை போட்டு நிறுத்த ஒரு வருடம் ஆனது. படமில்லாமல் பணம் வராது என்று பெரியவர்கள் சொன்னார்கள். குறையத்தான் செய்தது. இப்போது பஸ் செலவை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

கருப்புக்குடை:
முதன்முறையாக உங்களோடு ஒத்துப்போகிறேன். வருத்தமாக இருக்கிறது.

மூன்றாம்மாடி:
நேற்று நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பு நடத்தும் இளைஞர்களிடம் இங்கே பேசியதைச் சொன்னேன். பாடம் முடிந்ததும் பழத்தைக் கொடுத்துவிட்டு, 'வீட்டுக்குப் போகிறவர்கள் போகலாம், பாட்டுக்கு இருக்கிறவர்கள் இருங்கள்' என்றார்கள். முப்பது பேரில் பாதிக்குமேல் எழுந்து ஓடிவிட்டார்கள். என் மகன் இருந்தான். ஏனடா என்று கேட்டேன். கிட்டார் வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவாம்.

பழையவாத்தியார்:
கிட்டாரும் வாழைப்பழம்தான் அம்மா.

மூன்றாம்மாடி:
இருக்கட்டும் ஐயா. மேடவாக்கத்தில் இருப்பதாக முன்பொருமுறை எழுதியிருந்தீர்கள். புதன்கிழமை மாலை வந்து ஜெபமில்லாமல் கணக்குச் சொல்லித் தாருங்கள். பாய் நான் விரித்து வைக்கிறேன்.

பழையவாத்தியார்:
முழங்கால் வலி. மாடி ஏற முடியாதே.

மூன்றாம்மாடி:
வகுப்பு தரைத்தளத்தில்தான் ஐயா.