பின்பாட்டுன்னா சரியா இன்னா அர்த்தம்? கூத்துல மட்டும்தானா?

பாலாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு காட்பாடி பக்கம், இப்ப பெங்களூர்ல வேலை. போன வாரம் மீட்டிங் முடிஞ்சு வெளிய வரும்போது ஒருத்தரப் பத்தி "மேனேஜர் இன்னா சொன்னாலும் இவன் பின்பாட்டு பாடிடுவான்"னு நம்ம தமிழ்ப் பசங்களே சொன்னாங்க, எனக்கு சுருக்குனு ஆயிடுச்சி. எங்க ஊர்ல பாரதம் வெச்சா, அதான் ராத்திரில பாரதக் கதைய தெருக்கூத்தா ஆடறது, பின்பாட்டுக்காரருக்கு தனி மரியாதை, இந்த வருஷம் பின்பாட்டு யாருன்னு கேட்டுக்கினுதான் பாய எடுத்துக்கினு கெளம்புவாங்க. அப்பிடி இருக்க இந்த வார்த்தை எப்பிடி ஜால்ராங்கிற அர்த்தத்துக்கு போச்சி? இன்னொண்ணு, தீமிதியில கோவிந்தா போடறது, ஊர்வலத்துல கோஷம் போடறது, இதெல்லாமும் பின்பாட்டுல சேருமா? கூட்டமா தாளத்தோட சொல்ற எல்லாத்துக்கும் பொதுவா ஒரு பேரு இருக்கா?

செய்யாத்து மத்தளம்:
தம்பி, நான் செய்யாறு, புரிசைக்கு பக்கத்துல. சின்ன வயசுலர்ந்து கூத்து மேடைக்கு பின்னாடியே ஒக்காந்து வளர்ந்தவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பின்பாட்டுன்னா முன்ன ஒருத்தர் பாடின அடிய பின்ன இருக்கறவங்க வாங்கிப் பாடறது. கூத்துல வேஷக்காரர் முன்னாடி, ஆர்மோனியம் மத்தளம் முகவீணை தாளம் எல்லாம் பின்னாடி, அங்கதான் பின்பாட்டும். வேஷக்காரர் ஒரு அடி பாடுவாரு, உடனே பின்பாட்டு அதே அடிய வாங்கிக்கும், வேஷக்காரர் அந்த நேரத்துல கிறிக்கி அடிப்பாரு, அதான் வேகமா சுத்தி ஆடறது. தலையில கிரீடம், தோள்ல புஜக்கட்டை, மார்ல மார்ப்பதக்கம், கால்ல சலங்கை, இவ்ளோத்தையும் கட்டிக்கினு சுத்தறவருக்கு மூச்சு வாங்க கெடைக்கிற இடமே அந்த பின்பாட்டு அடிதான். ராத்திரி ஆரம்பிச்சி விடியற வரைக்கும் ஒரு ஆளால தனியா பாட முடியுமா சொல்லு. அதோட வேஷக்காரர் சுதி எறங்கிட்டா பின்பாட்டு தூக்கி நிறுத்தும், அடி மறந்துட்டா எடுத்துக் குடுக்கும், முன்ன ஒக்காந்திருக்கிற ஜனத்துக்கு ஒண்ணுமே தெரியாது. மொத்த பாட்டும் தெரிஞ்சவன்தான் அங்க ஒக்கார முடியும், பாதி கூத்து வாத்தியாருங்க பின்பாட்டுல இருந்து வந்தவங்கதான்.

ஆபீஸ் அர்த்தம் எப்பிடி வந்துச்சின்னா, சொன்னதயே திருப்பி சொல்றதுங்கிற ஒண்ண மட்டும் வெளிய இருந்து பாத்தவங்க எடுத்துக்கினாங்க. ஜால்ராவுக்கும் அதே கதிதான், தாளம் இல்லாம பஜனை இல்ல, ஆனா வசவா ஆயிடுச்சி. எனக்கு அந்த பேச்சுல உடன்பாடே கெடையாது.

ஏத்தக்காரர் பேரன்:
அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. நம்ம ஜில்லா கெணத்து பாசனம், பம்புசெட்டு வர்றதுக்கு முந்தி ஆளு மெதிச்சி எறைக்கிற ஏத்தமும் மாடு கட்டி எறைக்கிற கவலையும்தான். ஏத்தத்துல சாலு, அதான் தண்ணி மொள்ற பாத்திரம், அத புடிக்கிறவரு கீழ, மெதிக்கிறவங்க மேல மரத்துல முன்னயும் பின்னயும் நடப்பாங்க, ஒருத்தர் பாட்டு எடுத்தா இன்னொருத்தர் வாங்குவாரு. எத்தினி சாலு எறைச்சாச்சின்னு கணக்கும் அந்த பாட்டுக்குள்ளயே வந்துடும். ஆனா எங்க தாத்தா அத பின்பாட்டுன்னு சொல்லி நான் கேட்டதில்ல, "எடுத்துக் குடுக்கறது, வாங்கறது" அவ்ளோதான். பாரம் இழுக்கும்போது ஏலேலோ ஐலசா சொல்றமே, அதுவும் இந்த கணக்குதான். அர்த்தம் பாக்காதீங்க, ஐலசான்னு வாய் தொறக்கற நொடியில எல்லார் கையும் ஒண்ணா இழுக்கணும், அதுக்குதான் அது.

மதுரை மருமகள்:
நான் மதுரைப் பக்கம், குடியாத்தத்துல வாக்கப்பட்டு வந்தேன். எங்க ஊர்ல முளைப்பாரி எடுத்தா, பொங்கல் பொங்குனா பொம்பளைங்க எல்லாரும் குலவை போடுவோம். இங்க வந்த புதுசுல பொங்கப் பானை பொங்குறப்ப பழக்கத்துல போட்டேன், கூட போட ஆளில்லாம திரும்பிப் பாத்தாங்க. குலவைய பின்பாட்டுல சேக்காதீங்க, அதுல வார்த்தையும் கெடையாது எடுத்துக் குடுக்க ஆளும் கெடையாது, நாக்க ரெண்டு பக்கமும் வேகமா ஆட்டி எழுப்புற சத்தம், ஒருத்தி ஆரம்பிச்சா அத்தன பேரும் கலந்துக்குவோம். கேரளாவுல இதையே குரவைன்னு சொல்றாங்க, ஆம்பளைங்க போடுறது ஆர்ப்பு, பொம்பளைங்க போடுறது குரவை. சிலப்பதிகாரத்துல வர்ற ஆய்ச்சியர் குரவை வேற, அது கை கோத்து ஆடுற கூத்து, ஆடுற ஏழு பேருக்கும் குரல், துத்தம், கைக்கிளைன்னு ஏழு சுரத்தோட பேரையே வச்சிருப்பாங்க.

பாலாத்தங்கரை:
அக்கா, அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்ப கோவிந்தா எதுல சேரும்?

செய்யாத்து மத்தளம்:
அது கோஷம் தம்பி. தெருமுனையில சங்கத்துக்காரங்க போடறதும் கோஷம்தான், திருவண்ணாமலையில தீபத்தன்னிக்கு "அண்ணாமலையாருக்கு"ன்னு ஒருத்தர் எடுத்தா மலையே "அரோகரா"ங்குதே அதுவும் கோஷம்தான். கோஷத்துக்கு பயிற்சி வேணாம், வந்தவன் எல்லாம் போடலாம். பின்பாட்டுக்கு ராகம் தெரியணும், கதை தெரியணும். எல்லாத்துக்கும் சேத்து ஒரே பேரு நம்ம பக்கம் நான் கேட்டதில்ல, வேலைக்கு ஒரு பேரா வெச்சிருக்காங்க.

ஆனா ரெண்டும் ஒண்ணா சேர்ற இடம் ஒண்ணு இருக்கு. துகில் உரியற அன்னிக்கு திரௌபதி வேஷம் கண்ணன கூப்டு அழுவும், பின்பாட்டு அந்த அடிய வாங்கும், அதுக்கு மேல முன்னாடி இருக்கற ஜனம் மொத்தமும் எழுந்து கோவிந்தா கோவிந்தான்னு போடும், சில கெழவிங்க கையில கற்பூரத்தோட நிப்பாங்க. சித்திரை வைகாசியில நம்ம பக்கம் நெறைய ஊர்ல அக்னி வசந்த விழா, அதான் பாரதக் கூத்தும் தீமிதியும் நடக்கற திரௌபதி அம்மன் திருவிழா, போஸ்டர் ஒட்டுவாங்க, அதுல அந்த ராத்திரிய பாத்து லீவு போட்டுக்கினு வா. முன்னாடி ஒக்காராத, ஆர்மோனியத்துக்கு பக்கமா எடம் புடி, பின்பாட்டுக்காரர் வாயப் பாத்துக்கினே இரு, வேஷக்காரர் அடி முடிக்கறதுக்கு முன்னயே அவரு மூச்சு இழுக்கறது தெரியும்.