விசைப்படகு இன்ஜின் சூடே ஏறவில்லை, மீட்டர் 55ஐத் தாண்ட மாட்டேங்குது

நாகை லாஞ்ச்:
6 சிலிண்டர் டீசல். ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கூலன்ட் சூட்டைக் கடல்தண்ணிக்கு மாத்துற குழாய்க்கூடு) வச்சது. உள்சுற்றுல கூலன்ட், வெளிச்சுற்றுல கடல்தண்ணி. மீன்பிடித் தடைக்காலத்துல ஹெட் இறக்கி புது பிஸ்டன் ரிங் போட்டாச்சு, ஜூன் 15ல இருந்து ஓட்டம். முன்னாடி மடி (இழுவலை) இழுக்கும்போது 1500 ஆர்.பி.எம்.ல 78-80 டிகிரி நிக்கும். இப்ப 4 மணி நேரம் இழுத்தாலும் 52-55தான். காலைல வெள்ளைப்புகை அரை மணி நேரம் ஆகியும் அடங்கல. 10 நாள்ல டிப் ஸ்டிக்ல ஆயில் மட்டம் ஒரு விரக்கடை ஏறியிருக்கு. "சூடாகாம ஓடுனா நல்லதுதானே"ங்கிறாங்க. கடல்தண்ணி வால்வைப் பாதி மூடி ஓட்டலாமா?

கருப்புக்கை:
வால்வுல கை வைக்காதீங்க. கடல்தண்ணி பம்புல இருக்கிறது ரப்பர் இம்பெல்லர், தண்ணிதான் அதுக்கு உயவு. வரத்தைக் குறைச்சா இறக்கை பிய்ஞ்சு, துண்டு போய் எக்ஸ்சேஞ்சர் குழாயில அடைக்கும். புகைக்குழாயில தண்ணி கலக்குற அமைப்பா இருந்தா அந்த ரப்பர் ஹோஸும் கருகும். உள்சுற்றோட சூட்டைப் பிடிச்சு வைக்கிறது தெர்மோஸ்டாட் (சூட்டுக்குத் தக்கபடி தானே திறந்து மூடுற வால்வு) வேலை. அது சரியா இருந்தா வெளியே எவ்வளவு கடல்தண்ணி ஓடுனாலும் இன்ஜின் குளிராது.

அதுக்கும் முன்னாடி, மீட்டர் சொல்றது உண்மையான்னு பாருங்க. இன்ஜின் ஆறினப்புறம் மூடியைத் திறந்து கூலன்ட் மட்டம் பாருங்க. ஹெட் இறக்கி ஏத்துனப்ப காத்து அடைச்சிருந்தா, சென்சார் முனை தண்ணியில நனையாம காத்துல நிக்கும். மீட்டர் குளிர்ச்சி காட்டும், உள்ளே ஹெட் வெந்துக்கிட்டிருக்கும். இதுதான் எல்லாத்துலயும் ஆபத்து.

அடுத்து சாவியைப் போட்டு சென்சார் ஒயரைக் கழட்டுங்க, முள் குளிர்ப்பக்கம் விழணும். அதே ஒயரை இன்ஜின் பாடியில ஒரு நொடி தொட்டா முள் சூட்டுப்பக்கம் முழுசா ஓடணும். ஓடுனா மீட்டரும் ஒயரும் நல்லாயிருக்கு. ஒத்தை ஒயர் சென்சார்னா மரையில டெஃப்லான் டேப் சுத்தியிருக்கான்னும் பாருங்க. எர்த் சரியா கிடைக்காம முள் கம்மியா காட்டும். ரிப்பேர் முடிஞ்ச இன்ஜின்கள்ல இது அடிக்கடி நடக்குறது.

கடைசியா, லேசர் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் கூட்டு மேல பிடிங்க. பளபளப்பான உலோகத்துல அது கம்மியாத்தான் காட்டும், கறுப்பு டேப் ஒட்டி அது மேல அளங்க.

டீசல் வாசம்:
மேல சொன்னது சரி. ஆனா ஆயில் மட்டம் ஏறுதுன்னா மீட்டர் பழுது மட்டும் இல்ல. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி. ஆயில் கெட்டி இல்லாம நீர்த்து ஓடி, மோந்து பார்த்தா டீசல் வாசம் அடிச்சா டீசல். லைனர் (சிலிண்டரோட உள் உறை) சுவர் சூடாகலைன்னா டீசல் முழுசா எரியாது. எரியாதது சுவர்ல இருக்கிற ஆயிலைக் கழுவிக்கிட்டு ரிங் வழியா கீழே இறங்கும். புது ரிங் படியறதுக்கு லோடும் சூடும் வேணும். குளிர்ல ஓட்டுனா லைனர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாயிடும், அப்புறம் ரிங் படியவே படியாது. சூடாகாத இன்ஜினுக்கு ஆயுசு கூடாது, குறையும்.

மீட்டரும் அளவும் ஒத்துப்போய், சூடும் சரியா இருந்து ஆயில் ஏறுனா சந்தேகம் வேற பக்கம்: ஒழுகுற நாசில் (டீசலைப் பீச்சுற முனை), ஃபீட் பம்ப் டயாஃப்ரம், எஃப்.ஐ. பம்ப் (நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்புற பம்ப்) சீல்.

நாகை லாஞ்ச்:
கூலன்ட் மட்டம் சரி. முள் ரெண்டு பக்கமும் ஓடுது. டேப் ஒட்டி அளந்தா கூட்டுல 54. ஆயில்ல டீசல் வாசம் இருக்கு. கூட்டைத் திறந்து பார்த்தா உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்ல, வெறும் பேக்கிங் போட்டு மூடியிருக்கு.

கருப்புக்கை:
எதிர்பார்த்ததுதான். "சூடாகக் கூடாது"ன்னு எடுத்துப் போட்டிருப்பாங்க. பைபாஸ் (எக்ஸ்சேஞ்சருக்குப் போகாம கூலன்ட் இன்ஜினுக்கே திரும்புற வழி) உள்ள இன்ஜின்ல இது ரெண்டு பக்கமும் கெடுதல். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதோட அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அது இல்லைன்னா ரெண்டு வழியும் எப்பவும் திறந்தே கிடக்கும். லேசான லோடுல இன்ஜின் குளிரும். முழு லோடுல ஒரு பங்கு சுடுதண்ணி எக்ஸ்சேஞ்சருக்கே போகாம திரும்பி வந்து ஓவர்ஹீட் ஆகும்.

வாங்கும்போது இன்ஜின் நம்பர் சொல்லி வாங்குங்க. விளிம்புல 82ன்னு பொறிச்சிருந்தா அது திறக்க ஆரம்பிக்கிற டிகிரி. மாட்டுறதுக்கு முன்னாடி சட்டியில தண்ணி வச்சு, நூல்ல கட்டித் தொங்க விட்டு, தெர்மாமீட்டரோட சூடேத்துங்க. அடியில தொடக் கூடாது. 82க்கு ரெண்டு மூணு டிகிரி முன்னப் பின்ன திறக்கத் தொடங்கி, தண்ணி கொதிக்கிறதுக்குள்ள முழுசா திறக்கணும், ஆறினதும் ஒட்ட மூடணும். புதுசுலயும் பழுது வரும்.

மாட்டும்போது மெழுகு இருக்கிற குமிழ் இன்ஜின் பக்கம். சின்ன ஓட்டை மேலே பார்த்து இருக்கணும், காத்து வெளியேறுறது அது வழியாத்தான். ரெண்டு தெர்மோஸ்டாட் உள்ள கூடுன்னா ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. கூட்டுல ரப்பர் சீல் இருந்தா அதையும். இல்லைன்னா சீல் ஓரமா கசிஞ்சு மறுபடி 60லயே நிக்கும்.

டீசல் வாசம்:
ஆயிலும் ஃபில்டரும் மாத்தாம மறுபடி இழுக்கப் போகாதீங்க. டீசல் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்னுடும். மாத்தினப்புறம் வெறும் ஐடில்ல மணிக்கணக்கா விடாம லோடுல ஓட்டுங்க. 50 மணி நேரம் கழிச்சு டிப் ஸ்டிக் பாருங்க.

வள்ளக்காரன்:
அவுட்போர்டு (வள்ளத்துக்கு வெளியே மாட்டுற மோட்டார்) வச்சிருக்கிறவங்க இந்த 82 கணக்கைப் பிடிச்சுக்காதீங்க. அதுல கடல்தண்ணி நேரா சிலிண்டரைச் சுத்தி ஓடுது. சூடு ஏற ஏற உப்பும் சுண்ணமும் உள்ளே படியும். அதனால அதோட தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 50-60 டிகிரிலயே திறக்கும். அதுல மணலோ சிப்பித் துண்டோ மாட்டி மூடாம நிக்கிறது சகஜம். மண்ணெண்ணெய்ல ஓடுற மோட்டார்னா உடனே பிளக் கறுத்து நனைஞ்சு காட்டிக் கொடுத்துடும்.

நாகை லாஞ்ச்:
82 மாட்டியாச்சு, ரப்பர் சீலும் புதுசு. ஆயில், ஃபில்டர் மாத்தியாச்சு. இழுவையில 81ல நிக்குது. வெள்ளைப்புகை அஞ்சு நிமிஷத்துல போயிடுது.