கொம்புத் தவளை சாப்பிட மாட்டேன் என்கிறது, உடனே உதவி தேவை

நத்தைக்கூடு:
அவசரம். தவளை போன மாதத்திலிருந்து எதையும் தொடவில்லை. முன்பெல்லாம் இடுக்கியை நீட்டினாலே பாய்ந்து கவ்வும். இப்போது மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது, கண்ணைக்கூடத் திறப்பதில்லை. செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

ஈரமண்:
எந்த இனம், எவ்வளவு பெரிது? தொட்டியில் வெப்பம், ஈரப்பதம் எவ்வளவு? அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? கடைசி இரை என்ன?

வெள்ளைப்பாறை:
சரளைக்கல் போட்டிருந்தால் குடல் அடைப்புதான். இரையோடு கல்லையும் சேர்த்து விழுங்கிவிடும். கடைசியாக எப்போது கழிந்தது?

பழையகுளம்:
இதே கேள்வி எத்தனை முறைதான் வரும்? வறட்சி வந்தால் மண்ணுக்குள் புதைந்து தூங்குவது இந்தத் தவளையின் பிறவிக் குணம். வளர்ந்ததற்கு வாரம் ஒரு இரையே போதும். வாங்கும் முன் கொஞ்சம் படித்திருக்கலாம்.

நத்தைக்கூடு:
கிரான்வெல், பெண், உள்ளங்கையை நிறைக்கும் அளவு. தேங்காய் நார்த்தூள்தான், கல் இல்லை. தெர்மாமீட்டர் 27 டிகிரி காட்டுகிறது, தினமும் தண்ணீர் தெளிக்கிறேன். கடைசியாகக் கொடுத்தது சுண்டெலி. முதுகுத் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கிறது.

தும்பி:
சுண்டெலியா? நிறுத்துங்கள். அவ்வளவு கொழுப்பை அடிக்கடி கொடுத்தால் கருவிழியில் படிந்து கண்ணே வெளுத்துவிடும்.

வெள்ளைப்பாறை:
எப்போதாவது ஒன்று கொடுத்தால் ஒன்றும் ஆகாது. எலும்பிலிருந்து கால்சியமும் கிடைக்கிறது.

தும்பி:
மண்புழு, கரப்பான் மேல் வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் பவுடரைத் தூவினால் அந்தக் கால்சியம் வந்துவிடுமே. எலி எதற்கு?

வெள்ளைப்பாறை:
காட்டில் இது எலி, பல்லி, இன்னொரு தவளை என்று எதையும் விழுங்கும்.

தும்பி:
காட்டில் தினமும் யாரும் தட்டில் வைத்துத் தருவதில்லை.

ஈரமண்:
எலிச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சருகுத் தோலைக் கவனியுங்கள். வழக்கமாக உரித்த தோலை இது தின்றுவிடும். வறண்டுபோனால் மட்டும் தின்னாமல், அடுக்கடுக்காகத் தன் மேலேயே உறையாக விட்டுவைக்கும். ஈரம் வெளியே போகாமலிருக்க அது செய்யும் ஏற்பாடு. நத்தைக்கூடு, தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது? தொட்டியைச் சூடாக்கும் விரிப்பு, அதாவது ஹீட் மேட் எங்கே?

நத்தைக்கூடு:
தெர்மாமீட்டர் மேலே, கண்ணாடியில். மேட் தொட்டிக்கு அடியில். எல்லாரும் அங்கேதானே வைப்பார்கள்?

ஈரமண்:
சிக்கலே அதுதான். சூடு கூடினால் இது கீழே தோண்டும், ஏனென்றால் நிலத்தில் ஆழம் போகப் போகக் குளிர்ச்சி. உங்கள் தொட்டியில் கீழேதான் அடுப்பு. மேலே ஈரமாகத் தெரிந்தாலும் அடியில் காய்ந்திருக்கும், விரலை விட்டுப் பாருங்கள். மேட்டைப் பக்கச் சுவருக்கு மாற்றி, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள். நார்த்தூள் முழுவதையும் நனைத்துப் பிழிந்து போடுங்கள். லேசான வெதுவெதுப்பில் தண்ணீர் ஊற்றி, தாடைக்குக் கீழே நிற்கும்படி 20 நிமிடம் உட்கார வையுங்கள். ஆழம் வேண்டாம், இதற்குச் சரியாக நீந்த வராது. தோலைக் கையால் உரிக்காதீர்கள். வாயைத் திறந்து ஊட்டவும் வேண்டாம்.

பழையகுளம்:
குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்தால் போதும், குளோரின் போய்விடும்.

ஈரமண்:
குளோரின் போகும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோராமின் போகாது. தவளை தண்ணீரைத் தோல் வழியாகத்தான் எடுக்கிறது, அதனால் இதில் துணிந்து பார்க்கக் கூடாது. குளோராமினையும் நீக்கும் வாட்டர் கண்டிஷனர் போடுங்கள்.

பழையகுளம்:
நான் இத்தனை வருடமாக அப்படித்தான் வைக்கிறேன்.

தும்பி:
உங்கள் ஊர்த் தண்ணீரில் குளோரின் மட்டும் கலந்திருக்கலாம். அவர் ஊரில் என்ன கலக்கிறார்களோ?

நத்தைக்கூடு:
அடியில் வெறும் தூசி. தண்ணீரில் விட்ட கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது. ராத்திரி தோலை உரித்து வாய்க்குள் தள்ளிக்கொண்டது. இன்று ஒரு மண்புழு உள்ளே போனது. நன்றி.

ஈரமண்:
நல்லது. அடுத்த இரைக்கு முன் கழிகிறதா என்று பாருங்கள். வயிறு கெட்டியாக உப்பினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், மேட்டை மாற்றிவிட்டீர்களா?

தும்பி:
சுண்டெலியையும் நிறுத்திவிட்டீர்களா?